வெத்தலைப் பெட்டியும் வெள்ளிக் கரண்டியும்

எங்கள் வீட்டில் டீ குடிப்பவன் நான் ஒருவன்தான். டீத்தூள் டப்பாக்களோ நாற்பத்தொன்று இருக்கின்றன. என் மனைவிக்குக் காப்பிதான். டீத்தூள் விற்கிறவனுக்கு வாழ்க்கைப்பட்டும் அந்தப் பிடிவாதத்தை அவள் விடவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் யாராவது அலமாரியைப் பார்த்து வாயைப் பிளந்தால், "எல்லாம் காலி டப்பாங்க, அவர மாதிரியே" என்பாள். நானும் சிரித்து வைப்பேன். நாற்பத்தொன்றில் நாற்பது காலிதான். மீதி ஒன்றைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஒரு டீ கம்பெனிக்கு லைன் பார்த்தேன், வேலையை விடும்வரை. கள்ளக்குறிச்சியில் கம்பெனிக்கு ஒரு சின்ன குடோன். அங்கிருந்து திங்கட்கிழமை சங்கராபுரம், செவ்வாய் மணலூர்பேட்டை, வியாழன் மலை. கடை கடையாக ஏறி இறங்கி டஸ்ட் டீ போட்டுவிட்டு வர வேண்டும். மணலூர்பேட்டையில் தை மாதத்து ஆற்றுத் திருவிழா வந்தால் ஒரு மாதச் சரக்கு ஒரே நாளில் தீர்ந்துவிடும். அன்றைக்கு நான் ராஜா. மற்ற நாட்களில், "உன் தூள்ல சாயமே எறங்கல" என்று கடைக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன். எனக்கும் கோபம் வரும். தண்ணீரைக் கொதிக்க விடாமல் ஊற்றிவிட்டு என் தூளைக் குறை சொன்னால் யாருக்குத்தான் வராது?

டப்பா சேர்க்கும் புத்தி அந்தக் கடைகளில் வந்ததுதான். அந்தக் காலத்து டீத்தூள் தகர டப்பாவில் வரும். பச்சை, சிவப்பு, தங்க நிறம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பவிசு. ஒன்றில் யானை, ஒன்றில் கப்பல், ஒன்றில் கூடையை முதுகில் மாட்டிய பெண். தூள் தீர்ந்தபின் டப்பாவைக் கடைக்காரர்கள் எறிய மாட்டார்கள். ஒருவர் பீடிக்கட்டு போட்டு வைத்திருப்பார், ஒருவர் சில்லறை. சங்கராபுரத்தில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் சாமான் எல்லாம் யானை டப்பாவில்தான் இருக்கும். புது டப்பாவைக் கொடுத்துப் பழையதை வாங்கிக்கொள்வேன். என்னைக் கிறுக்கன் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார்கள். துடைத்து, துருப் பிடிக்காமல் துளி தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால், சாயங்காலம் வந்து அலமாரி முன்னால் நிற்பதில் ஒரு சுகம் இருந்தது. அதைக் கிறுக்கு என்றாலும் எனக்கு வருத்தமில்லை.

அந்த மீதி ஒன்று ஒரு மரப்பெட்டி. அது கிடைத்தது கள்ளக்குறிச்சி பழைய சாமான் கடையில். அந்தக் கடை பாய் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே சிரிப்பார். அன்று கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"சார், உங்களுக்குன்னே ஒண்ணு வந்துகிது. துரைங்க வெத்தலைப் பெட்டி."

மலையில் காட்டு இலாகா பங்களாவின் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்தாராம். கறுத்த மரம். முழங்கை நீளம்கூட இல்லை. பித்தளைப் பூட்டு, சாவி இல்லை. திறந்தால் உள்ளே இரண்டு அறை, இரண்டுக்கும் ஈயத்தகடு அடித்திருந்தது. இரண்டு அறைக்கும் நடுவில் நைந்துபோன சிவப்பு வெல்வெட்டில் ஒரு பள்ளம். பார்த்தால் அச்சாக ஒரு வெற்றிலை. அகலமான இலை, கூர்மையான நுனி, சின்னதாக ஒரு காம்பு.

"பாருங்க சார், வெத்தலை வெக்கிறதுக்கு எடம் வுட்டுக்கிறான். இந்தப் பக்கம் பாக்கு, அந்தப் பக்கம் சுண்ணாம்பு" என்றார் பாய்.

ஒரே ஒரு வெற்றிலையை வைக்கவா ஒருவன் இத்தனை வேலை பார்ப்பான்? நான் பெட்டிக்குள் மூக்கை நுழைத்தேன். மற்றவர்களுக்கு அது வெறும் மர வாடை. தினமும் தூளில் புரள்கிற என் மூக்குக்கு அந்த வாடைக்கு அடியில் இன்னொன்று தெரிந்தது. ஈயத்தகட்டின் மூலையை நகத்தால் சுரண்டினேன். கறுப்பாக ஒரு பொடி வந்தது. டீத்தூள்! பாயிடம் வாயைத் திறக்கவில்லை. வெற்றிலைப் பெட்டியாகவே வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பள்ளம் எதற்கு என்று புரிய இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. கம்பெனி மீட்டிங்குக்குக் குன்னூர் போனபோது, தலைமை ஆபீசில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் என் பெட்டிக்கு அண்ணன் மாதிரி ஒன்று. அதன் பள்ளத்தில் குட்டையாக ஒரு வெள்ளிக் கரண்டி, சிப்பி வடிவத்தில். அங்கிருந்த மேனேஜர் சொன்னார்: ஒரு காலத்தில் சீமையில் டீத்தூள் நகை மாதிரியாம். வீட்டுக்கார அம்மா பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொள்வாராம். தூளை அளந்து போட மட்டும் ஒரு வெள்ளிக் கரண்டி, பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி குட்டைக் காம்போடு. நான் போடுகிற தூளை டப்பா டப்பாவாகக் கடை வாசலில் தள்ளிவிட்டுப் போகிறேன். எனக்கு அதைக் கேட்கப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது.

ஊருக்கு வந்ததும் பள்ளத்தின் மேல் தாளை வைத்து அளவெடுத்தேன். காலண்டர் அட்டையில் வெட்டி மணிபர்சில் வைத்துக்கொண்டேன். அதன்பின் வருஷக்கணக்காக அந்த அட்டை இலையோடுதான் அலைந்தேன். புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது சிப்பிக் கரண்டி ஒன்று கிடைத்தது. சேலத்தில் மண்வாரி மாதிரி ஒன்று. இரண்டும் வெள்ளி, இரண்டும் அழகு, இரண்டும் பள்ளத்தில் உட்காரவில்லை. மனைவிக்கு வளையல் வாங்கித் தராமல் கரண்டி வாங்கிய கதை எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஓடுகிறது.

மலை லைன் என்றால் கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துக்கொண்டே ஏறும் பஸ். வளைவுக்கு வளைவு டிரைவர் ஹாரன் அடிப்பார். பஸ் கூரையில் என் சரக்கு. கரியாலூரில் இறங்கினால் பஸ் நிற்கும் இடத்திலேயே ஒரு டீக்கடை. அதை ஒரு பெண் நடத்தினாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். புருஷன் தேன், கடுக்காய் என்று காட்டுக்குள் போய்விடுவான். விறகடுப்பில் அலுமினியப் பாத்திரத்தை வைத்து டீ போடுவாள். என் தூளை ஒழுங்காகக் கொதிக்கவிட்டவள் அந்த மலையில் அவள் ஒருத்திதான். அதனாலேயே அவள்மேல் எனக்கு மரியாதை.

ஒரு வியாழக்கிழமை காலையில் கடைக்குப் பின்னால் கை கழுவப் போனேன். கழுவிய டம்ளர்களை முறத்தில் கவிழ்த்து வெயிலில் காய வைத்திருந்தாள். டம்ளர்களுக்கு நடுவில் ஒரு வெள்ளி இலை கிடந்தது.

எடுத்தேன். இலையின் நரம்பெல்லாம் கோடு கோடாகச் செதுக்கியிருந்தது. காம்பு சுருண்டு கைப்பிடியாகியிருந்தது. மணிபர்சிலிருந்து அட்டையை எடுத்து மேலே வைத்தேன். முன்னே பின்னே ஒரு நூல் இல்லை.

"இன்னாண்ணா, பாலாடையப் போயி அளந்துகினு கீறீங்க?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

பாலாடையாம்! குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடை. யோசித்தால் அதிலும் தப்பில்லை. இலையின் கூர்நுனி குழந்தையின் வாய்க்கென்றே செய்த மாதிரிதான் இருந்தது. அவள் மாமனார் மலையிலிருந்த அந்தக் காட்டு இலாகா பங்களாவில் சமையல் வேலை பார்த்தவராம். அவருக்குப் பிள்ளை பிறந்தபோது அங்கே இருந்த துரையம்மா கொடுத்ததாம். கொடுத்ததோ, எடுத்ததோ, அதைக் கிளற எனக்கு என்ன அவசியம்? அன்றிலிருந்து அந்தப் பக்கத்துக் குடிசைகளில் எந்தக் குழந்தை பிறந்தாலும் சேனை வைப்பது இந்தக் கரண்டியில்தான். பிறந்த பிள்ளையின் நாக்கில் வைக்கும் முதல் சர்க்கரைத் தண்ணீரை அப்படிச் சொல்வார்கள். கேட்டு வாங்கிப் போய், மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இப்போது நர்சம்மா வந்து, தாய்ப்பாலைத் தவிர ஒன்றும் வைக்கக் கூடாது என்று எல்லாரையும் திட்டிவிட்டுப் போனதால் கரண்டிக்கு வேலை குறைந்துவிட்டது.

கரண்டியின் விளிம்பில் சின்னச் சின்னதாக நாலு நெளிசல் இருந்தது. அவள் என் கையிலிருந்து அதை வாங்கி, விரல் வைத்துக் காட்டினாள்.

"இது பெரியவன் கடிச்சது. மருந்து ஊத்தனா ஒரே கடி. இது பொண்ணு. இது சின்னவன், இவன் கடிச்சது கம்மிதான்."

காம்புக்கு இடது பக்கம் இருந்த நாலாவது நெளிசலில் விரலை வைத்தவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் மனசெல்லாம் வீட்டில் திறந்து கிடக்கும் பெட்டியில் இருந்தது.

கேட்டேன். முடியாது என்றாள். அடுத்த வியாழன் கேட்டேன். அதற்கடுத்த வியாழனும். புது வெள்ளிப் பாலாடை செய்து தருகிறேன் என்றேன். சிரித்தாள். கடைசியில் அவளை மடக்கியது எதிர்க்கடைதான். அங்கே புதிதாகப் பித்தளை பாய்லர் வந்துவிட்டது. குழாயைத் திறந்தால் வெந்நீர். பஸ்ஸில் வந்தவர்கள் பளபளப்பைப் பார்த்து அந்தப் பக்கம் போக ஆரம்பித்தார்கள். எதிர்க்கடைக்காரனும் என்னிடம்தான் தூள் வாங்கினான் என்பதை நான் மறைக்கவில்லை. அவள் கடை காலியாக இருக்கும் நேரம் பார்த்துப் போய் உட்கார்ந்து, "ஒரு பாய்லர் போடும்மா, நான் வாங்கித் தரேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அதில் என் நோக்கம் என்ன என்று அவளுக்கும் தெரியும்.

"சரிங்கண்ணா. பாய்லர் கொண்டாங்க, பாலாடைய எடுத்துக்குங்க. ஆனா ஒண்ணு. எங்க வூட்ல புள்ள பொறந்தா நான் வந்து கேப்பேன். ஒரு வாரம் வெச்சிக்கினு குடுத்துடுவேன். அதுக்கு மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"தாராளமா" என்றேன். அந்த நேரத்தில் அவள் என்ன கேட்டிருந்தாலும் தாராளமாக என்றுதான் சொல்லியிருப்பேன்.

பஸ் கூரையில் பாய்லர் ஏறியது. என் சட்டைப்பையில் கரண்டி இறங்கியது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டியைத் திறந்து பள்ளத்தில் வைத்தேன். உட்கார்ந்தது. ஆனால் மூடி மூடவில்லை. விளிம்பு நெளிந்திருந்ததால் கரண்டி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு மூடியில் இடித்தது. ஒரு அரிசி அளவு இடைவெளி.

மறுநாளே கடைத்தெருப் பத்தரிடம் போனேன். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

"பல்லு பட்டாப்ல கீதே. யாரு சார் கடிச்சது?"

"எவனோ கடிச்சான். எடுத்துடுங்க" என்றேன்.

மரக்கட்டையில் வைத்துக் குட்டிச் சுத்தியலால் டொக் டொக்கென்று தட்டினார். நாலையும் எடுத்தார். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுத் தேய்த்தார். சீமையிலிருந்து அன்றுதான் வந்து இறங்கிய மாதிரி கரண்டி மின்னியது. வீட்டில் வைத்து மூடினேன். டக்கென்று மூடிக்கொண்டது. ஆஹா! அந்தச் சத்தத்தைக் கேட்கவே அன்று முழுக்கத் திறந்து திறந்து மூடினேன். மனைவி காப்பியைக் குடித்துக்கொண்டே பார்த்திருந்தாள். "இனிமேவாச்சும் அந்த அட்டைய பர்சுலேர்ந்து எடுத்துப் போடுங்க" என்றாள்.

வருஷங்கள் போயின. தகர டப்பா போய்ப் பாக்கெட் வந்தது. நானும் வேலையை விட்டேன். டப்பா பார்க்க வருகிறவர்களுக்குக் கடைசியாகத்தான் பெட்டியைக் காட்டுவேன். பாய் சொன்ன வெற்றிலைக் கதை, குன்னூர் அலமாரி, பாலாடை, பாய்லர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, டக்கென்று மூடிக் காட்டுவேன். எல்லாரும் சிரிப்பார்கள். என் வாழ்க்கையில் நான் பிசிறில்லாமல் முடித்த வேலை அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் முற்பகலில் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். டீக்கடைப் பெண். தலை பாதி நரைத்திருந்தது. மகளுக்குக் கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆகியிருந்தது. ஆண் குழந்தை. கையில் ஆஸ்பத்திரிக் கூடையோடு அப்படியே வந்திருந்தாள்.

"பாலாடைய வாங்கிக்கினு போலாம்னு வந்தேங்கண்ணா. நர்சம்மாவுக்குத் தெரியாம ஒரு சொட்டு வெச்சிடுவேன்" என்று சிரித்தாள்.

எனக்கும் சந்தோஷம்தான். வாக்கு கொடுத்தவன் மறக்கவில்லை என்று காட்ட வேண்டாமா? அவளை உட்கார வைத்து, அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து வந்து அவள் முன்னால் பெருமையாகத் திறந்தேன். கரண்டியை எடுத்தாள். வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். கட்டைவிரலால் விளிம்பைச் சுற்றித் தடவினாள். மறுபடியும் ஒரு சுற்று தடவினாள்.

"இது இல்லீங்கண்ணா."

"அதேதாம்மா. நரம்பப் பாரு, காம்பப் பாரு."

"அப்ப கடி எங்க?"

"அதெல்லாம் எடுத்தாச்சு. பத்தருகிட்ட குடுத்து நீவி எடுத்தேன். புதுசாட்டம் ஆயிடுச்சு பாரு" என்றேன். என் வாயால்தான் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள். கரண்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"மூத்தது ஒரு பொண்ணு இருந்துச்சுங்கண்ணா. ஒன்றரை வயசு. காய்ச்சல். அப்பல்லாம் மலைக்கு பஸ்சு ஏது? டோலி கட்டித் தூக்கினு வந்தோம், பாதி வழிதான். போட்டோ ஒண்ணும் எடுக்கல. துணிமணிய அதுகூடயே வெச்சிட்டோம். இந்த மூணு பேருக்கும் பல்லு வாயிலியே கீது. அதுக்கு இதுலதான் இருந்துச்சு."

என் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றுவிட்டாள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லலாம்தான். ஆனால் தெரிந்துகொள்ளாமல் இருந்தவன் நான்தானே? அவள் விரல் வைத்துக் காட்டியபோது என் கண் எங்கே இருந்தது? நாலாவதில் விரலை வைத்துப் பேசாமல் நின்றாளே, ஏனம்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? எவனோ கடிச்சான் என்றேனே! இத்தனைக்கும் அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"நீயே வெச்சிக்கோம்மா. எனக்கு வேணாம்" என்றேன்.

அவள் கரண்டியை முந்தானையில் முடிந்துகொண்டாள். என் மனைவி வற்புறுத்திக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, "புள்ள அழுவும், வரேங்க" என்று போனாள்.

அன்று மத்தியானமே பத்தர் கடைக்குப் போனேன். பழையவர் இல்லை, மகன் இருந்தான். எடுத்த நெளிசலைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். "நெளிசல் வேணும்னா எத்தினி வேணாலும் போடலாம் சார்" என்றான். அவனிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? வந்துவிட்டேன்.

சரியாக எட்டாம் நாள் மலை பஸ் கண்டக்டர் வீடு தேடி வந்து ஒரு துணி முடிச்சைக் கொடுத்தார். கரியாலூர் டீக்கடை அம்மா கொடுத்தனுப்பியது. அவிழ்த்தால் கரண்டி. வெந்நீரில் போட்டுச் சுத்தமாகக் கழுவித் துடைத்திருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வியாழனே கரண்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மலை ஏறினேன். முழங்கால் வலியோடு இறங்கினால், கடையில் நான் கொண்டுபோய்க் கொடுத்த அதே பாய்லர். புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று வைத்திருந்தாள். எனக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தாள். அதே பக்குவம். பேரன் நன்றாக இருக்கிறான் என்றாள். நான் கரண்டியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"இது உன் வூட்டுதும்மா."

அவள் அதைக் கையில் எடுக்காமல், ஒரு விரலால் என் பக்கம் நகர்த்தினாள். கோபமாக அல்ல. மேசையில் வைத்த பொருளை மறந்துவிட்டுப் போகிற வாடிக்கைக்காரரிடம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"பாய்லரு இன்னும் ஓடிக்கினுதானே கீதுங்கண்ணா. பேசனது பேசனதுதான். எங்களுதா இருந்தது வேற. இது உங்களுது."

திரும்பி வந்து பெட்டியில் வைத்தேன். டக்கென்று மூடிக்கொண்டது.

இப்போதெல்லாம் யாருக்கும் அதைத் திறந்து காட்டுவதில்லை. வீட்டில் யாரும் இல்லாதபோது நான் மட்டும் எடுத்து, கட்டைவிரலை விளிம்பில் வைத்து அவள் தடவிய மாதிரியே சுற்றி வருவேன். வழவழவென்று போய்க்கொண்டே இருக்கும். காம்புக்கு இடது பக்கம் வந்ததும் விரல் தானாக நின்றுவிடும். அங்கே ஒன்றும் இல்லை.